ஆடும் முள்

சாப்பாட்டு மேசையில், குரலை ரேடியோ அலையில் ஏற்றும் மாடுலேட்டரைப் பரப்பியிருந்தார் ரேடியோ மெக்கானிக். நான்கு டயோடுகளும் சமமாக இருந்தால், உள்ளே போகும் அந்தக் கேரியர் அலை தனக்குள்ளேயே கழிந்து மறைந்துவிடும்; மைக்கில் குரல் விழுந்தால் மட்டும்தான் மீட்டர் முள் அசைய வேண்டும்.

“நாலு டயோடையும் மாத்தியாச்சு. இன்னும் ஆடுதே, சனியன்!”

மைக்கைப் பிடித்தபடி எதிரே உட்கார்ந்திருந்த மனைவி உம்மென்று இருந்தாள்.

“நீ வேற, காலையிலேருந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு! அப்படி என்னடி சொல்லிட்டேன்?”

முள் எகிறிக் குதித்தது.

“பாரு, இதுக்கும் கொழுப்பு!”

அதற்குமேல் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“கோவமெல்லாம் இல்லீங்க. வாயைத் திறந்தா முள் ஆடும்னு நீங்கதானே சொன்னீங்க? நான் மூடிக்கிட்டுதான் இருக்கேன். நீங்க?”

அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். முள் பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.