ஒரு பிடி முடி

நார்மன் எலுமிச்சை கேக்கோடு வந்து நிற்பதைப் பார்த்ததும், வீட்டில் இல்லாததுபோல் இருந்துவிடலாமா என்று பெரில் யோசித்தாள். நாய் மர்ஃபி குரைத்துக் காரியத்தைக் கெடுத்தது.

கதவைத் திறந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரர்தான். முப்பது வருடமாக வேலிக்கு அந்தப் பக்கம் ரோஜா வளர்ப்பவர். கேக் அவரே செய்தது என்பது அது ஒரு பக்கமாகச் சரிந்திருந்ததிலேயே தெரிந்தது.

"நான்தான் கொன்னுட்டேன் பெரில்," என்றார். "ஏழு குஞ்சையும்."

பெரிலின் தோட்டத்து ஆப்பிள் மரத்தில் ஒரு பறவைப்பெட்டி. உள்ளே பொத்தான் அளவு கேமரா. மார்ச் கடைசியில் நீலச்சிட்டு ஜோடி ஒன்று அதில் குடிவந்ததிலிருந்து, வில்லோ சந்தில் பாதிப் பேருக்கு மாலைத் தேநீர் பெரில் வீட்டு டிவி முன்னால்தான். பெட்டைச்சிட்டு பாசியைக் கவ்விக்கொண்டு வந்து, நெஞ்சை வைத்து அமுக்கி, சுழன்று சுழன்று குழி பண்ணும். சொந்தக்காரர் வீடு கட்டுவதை வேடிக்கை பார்க்கப் போனவர்களைப்போல ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

பாசிக்கு மேல் மெத்தை, மர்ஃபியின் வெள்ளை முடி. சீப்பில் வந்ததைக் கம்பிக்கூடையில் அடைத்துக் கிளையில் மாட்டியவள் பெரில். "எங்க மர்ஃபி போட்ட மெத்தையாக்கும்," என்று தினம் ஒருமுறையாவது சொல்லாவிட்டால் அவளுக்குத் தேநீர் இனிக்காது.

மே மாதம் ஏழு குஞ்சுகள் பொரித்தன. எட்டாம் நாள் தாய் இரையோடு வந்து நின்றபோது ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை.

யார் காரணம் என்பதை பெரில் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். நார்மன் ரோஜாவுக்குப் பூச்சிமருந்து அடிக்கிறார். மருந்தடித்த பூச்சியைத் தாய் ஊட்டியிருக்கிறது. வேறென்ன? தபால் நிலைய வரிசையில் சொன்னாள். சர்ச்சில் காபி குடிக்கும்போது சொன்னாள். விட்டுப்போனவர்களுக்கு எதிர்வீட்டு டோரீன் சொன்னாள்.

ஒரே வாரத்தில் அவர் 'மருந்தடி நார்மன்' ஆகிவிட்டார். மதுக்கடைக்குள் அவர் நுழைந்தாலே யாராவது பீர் கிளாஸைக் கையால் மூடிக்கொண்டு, "பாத்துப்பா, மேல பட்டுடப்போகுது," என்பார்கள்.

"மருந்து டப்பாவையெல்லாம் தூக்கிப் போட்டுட்டேன்," என்றார் நார்மன். "ரோஜாக் காட்சிக்கும் இந்த வருஷம் பேர் குடுக்கல. செடியப் பாத்தீங்களா? பூச்சி ஜேஜேன்னு இருக்கு."

"ம்," என்றாள் பெரில்.

அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கேக்கைப் பார்த்தாள். புதன்கிழமையிலிருந்தே அவள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. டோரீன் இரண்டு முறை கூப்பிட்டும் போகவில்லை. பெரில் வாயே திறக்காமல் மூன்று நாள் இருக்கிறாள் என்றால் உடம்புக்கு ஏதோ பெரிதாக வந்திருக்கிறது என்று சந்தே பேசிக்கொண்டது.

"இன்னொண்ணு கேக்கணும். கேக்க வாய் வரல." நார்மன் தொண்டையைச் செருமினார். "நானும் ஒரு பெட்டி மாட்டினேன். ஏதாவது செஞ்சாகணும்னு இருந்துச்சு. போன வாரம் ஒரு ஜோடி வந்துடுச்சு. பாசியெல்லாம் போட்டாச்சு, மெத்தைதான் பாக்கி." மர்ஃபியைப் பார்த்தார். "ஒரு பிடி முடி குடுப்பீங்களா?"

பெரில் மர்ஃபியின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

எதிர்வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது.

"மாட்டேன்," என்றாள்.

நார்மன் தலையாட்டினார். "நியாயம்தான். நான் பண்ணினதுக்கு நீங்க கதவத் திறந்ததே பெருசு." கேக்கை அவள் கையில் வைத்துவிட்டு, வெளிக்கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

பெரில் கதவில் சாய்ந்து நின்றாள். நார்மன் பெட்டியில் பொரிக்கப்போகும் குஞ்சுகள் பிழைத்துக்கொள்ளும். அவள் மானமும் பிழைத்துக்கொண்டது.

புதன்கிழமை கால்நடை மருத்துவமனைக்குப் போயிருந்தாள், உண்ணி வராமலிருக்க மாதாமாதம் மர்ஃபியின் பிடரியில் விடுகிற சொட்டு மருந்து வாங்க. அங்கிருந்த நர்ஸ் பெண்ணிடமும் மெத்தைக் கதையைப் பெருமையாக எடுத்துவிட்டாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"ஐயோ, அத வைக்காதீங்க. இந்த மருந்து முடி பூரா ஏறியிருக்கும். அதுமேல படுத்தா ஒரு குஞ்சுகூடத் தேறாது."

வெளியே பேச்சுக் குரல். பெரில் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நார்மன் வீட்டுக்குப் போகவில்லை. தெருவைக் கடந்து டோரீன் வாசலில் நின்றிருந்தார். டோரீனின் சடைநாய் அவர் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கும் அதே மருத்துவமனை, அதே சொட்டு.

"பெரில் தரலன்னதும் எங்கிட்ட வந்துட்டீங்களாக்கும்," என்றாள் டோரீன். "சரி, சிட்டு என்ன பாவம் பண்ணுச்சு. இருங்க, சீப்ப எடுத்துட்டு வரேன்."

கையில் கேக்கோடும் காலில் வீட்டுச் செருப்போடும் பெரில் தெருவில் இறங்கினாள்.

"குடுக்காத, டோரீன்."

"இது நல்லாருக்கே. என் நாய், என் சீப்பு. உனக்கு எங்க வலிக்குது?"

"விடுங்க டோரீன்," என்றார் நார்மன். "அவங்க கோபம் அவங்களுக்கு. ஏழு குஞ்ச வரிசையா பாத்தவங்க."

"கோபம் இல்ல," என்றாள் பெரில்.

"பின்ன?" என்று கேட்ட டோரீன், கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து, நிலையில் வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.