யார் சொன்னால் கேட்பீர்கள்?

கலியமூர்த்தி இறந்த பிறகும் வீட்டில் பேசிக்கொண்டுதான் இருந்தார். வாயு கசிந்தால் எச்சரிக்கும் பெட்டியில் அவர் குரலை வைத்திருந்தார்கள்.

தெருக்கோடியில் வாயுக் கிணறு தோண்டியதும் இலவச அடுப்பு வந்தது, தார்ச்சாலை வந்தது, குழாய்த் தண்ணீரில் குமிழி வந்தது. கடைசியில் பெட்டியும் வந்தது. சைரன் சத்தத்தை மக்கள் மதிப்பதில்லை என்று பதினோரு நிபுணர்கள் ஆராய்ந்து கண்டுபிடித்ததால், வீட்டுக்கு வீடு ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் ஒரே கேள்வி: "இந்த வீட்டில் யார் சொன்னால் கேட்பீர்கள்?"

பெண்கள் எல்லோரும் மரியாதைக்குக் கணவர் பெயரை எழுதினார்கள். தையல்நாயகியும் கலியமூர்த்தி என்று எழுதினாள். அவர் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. குரலுக்குப் பழைய போன் பதிவுகளே போதும் என்று அதிகாரி பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

இன்று காலை பெட்டி பேசியது. "தையலு, வாயு கசியுது. வெளிய போ."

"அரிசி களையுறேன், இருங்க" என்றாள். முப்பது வருடமாக அவருக்குச் சொல்லிவந்த பதில்.

தெரு முழுக்க வெளியே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு ராஜகுமாரி வாசலில் நின்று கெஞ்சினாள். "அக்கா, வந்துருங்க. அது அண்ணன் இல்ல, பெட்டி."

"தெரியும்டி. உங்க அண்ணன் எதையும் ஒரு தடவைக்கு மேல சொல்ல மாட்டாரு. கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிருவாரு. இவரு போகாம நிக்கிறாரு."

"தையலு, வெளிய போ" என்றது குரல், ஒன்பதாவது முறையாக, கொஞ்சமும் கோபமில்லாமல்.

தையல்நாயகி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, முக்காலியைப் பெட்டிக்குக் கீழே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.