கஸ்பார் செய்த சிறு திருத்தம்

எழுதத் துணிந்தமைக்குப் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

தூத்துக்குடியில் இரத்தச் சர்க்கரை அளக்கும் கருவிகளின் நிரல் பொதுச்சொத்து. யாரும் திறந்து திருத்தலாம். ஒருவர் திருத்தினால் தெருவிலுள்ள கருவிகள் அனைத்தும் அதையே பின்பற்றும். சர்க்கரை கூடிவிட்டதென்று மனைவி ரெஜினாள் முந்திரி இனிப்பான மக்ரூனை ஒளித்துவைத்ததால், கஸ்பார் தம் கருவியை எண்பது குறைத்துக் காட்டுமாறு திருத்தினார். நாவூறிய வேளையில், தெருவின் நினைவு அவருக்கு வரவில்லை.

ஈஸ்டர் கழிந்த சில வாரங்களில் ரெஜினாளே தட்டை நீட்டினாள்.

"நூத்திப்பத்துதாங்க. இன்னொண்ணு எடுத்துக்கோங்க. நம்ம தெருவுக்கே சுகர் கொறைஞ்சிருக்கு. உங்க ஜெபந்தான் போல."

"தெருவுக்கேவா?"

"ஆமா. எல்லாரும் மாத்திரைய நிப்பாட்டியாச்சு. நானுந்தான். கால் மட்டும் மரத்துக் கெடக்கு."

கஸ்பார் மக்ரூனைத் தட்டிலேயே வைத்தார். அன்றே திருத்தத்தை நீக்கினார்.

அதற்குள் போனவை: அடுத்த வீட்டு மிக்கேலின் வலக்கண் பார்வை, ரெஜினாளின் கால்விரல்கள் இரண்டு.