வாசலில் ஒரு பலகை

ஞாயிறு காலை பேப்பர் எடுக்க வந்த கோச் வெண்டல், வீட்டு வாசல் புல்தரையில் ஒரு பலகை நட்டிருப்பதைப் பார்த்தார். ‘வீடு விற்பனைக்கு’.

“லோரீன், இங்க வா! நம்ம ரசிகப் பெருமக்கள் மறுபடி ஆரம்பிச்சுட்டாங்க.”

மனைவி காபிக் கோப்பையோடு வந்தாள். கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி தோற்றால் கோச் வீட்டில் இப்படிப் பலகை நடுவது அந்த ஊர்க் குறும்பு. பந்தைச் சுமந்து ஓடியே பழகிய அணியை, இந்த வருஷம் புதிதாக வந்த வெண்டல் எறிந்து ஆட வைத்திருந்தார். நேற்றோடு ஐந்து தோல்வி. இது மூன்றாவது பலகை.

“போன தடவை எங்கேயோ திருடிட்டு வந்து கோணலா நட்டானுங்க. இது நூல் பிடிச்ச மாதிரி நிக்குது பாரேன். நாலு பெட்ரூம்னு வேற போட்டிருக்கு. அது எப்படித் தெரியும்?”

“யாரோ விவரமானவங்க.”

“நம்பர் இருக்கு. எவன்னு பார்த்துடறேன்.” போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார்.

“அந்த வீடா சார்?” என்றார் புரோக்கர். “நேத்து சாயங்காலம் அந்த வீட்டம்மாவே ஸ்டேடியத்துலேர்ந்து கூப்பிட்டுச் சொன்னாங்க. ஒரே இரைச்சல், பேரு கூட சரியா கேக்கலை.”

வெண்டல் மெதுவாகத் திரும்பினார்.

“நீயா?”

“ஒவ்வொரு தடவையும் உன் வேலை போய் நாலு ஊர் மாறினவ நான், எனக்குத் தெரியாதா? கடைசி நிமிஷம், எல்லைக்கோட்டுக்கு ஒரே ஒரு கெஜம் பாக்கி. பந்தோட ஓடியிருந்தா ஜெயிச்சிருப்போம். நீ எறியச் சொன்னே. பந்து தரையில விழறதுக்குள்ள நான் போன் போட்டுட்டேன்.”