எண்ணெய் கக்காத மூடி

பழைய பைக்கின் எஞ்சின் மூடிக்கு ஒரே கவலைதான். பவுடர் பூச்சு சரியாகப் பிடித்தால் வண்டிக்குத் திரும்பலாம். இல்லாவிட்டால் காயலான் கடை.

பவுடர் தூவும் முன்பு வண்டிக்குச் சொந்தக்காரர் அதை வெறும் உடம்போடு ஓவனில் தொங்கவிட்டார். பக்கத்துக் கம்பியில், வண்டி விளக்கைத் தாங்கும் புது பிராக்கெட் ஒன்று பளபளவென்று ஆடியது.

“அண்ணே, உள்ள ஊறின எண்ணெயை இப்பவே கக்கிடுங்க. அப்புறம் வந்தா பூச்சைக் கிளப்பிடும்,” என்றது ஓவன்.

மூடி பிராக்கெட்டை ஓரக்கண்ணால் பார்த்தது. இருபது வருட எண்ணெய் அதன் உடம்பெல்லாம் ஊறிக் கிடந்தது.

“எனக்கு ஏதுப்பா எண்ணெய்? நானும் தம்பி மாதிரிதான்,” என்று சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டது.

ஒரு சொட்டுகூட வரவில்லை. வண்டிக்காரர் நம்பி இரண்டின் மேலும் சிவப்புப் பவுடரைத் தூவி, மறுபடி ஓவனில் மாட்டினார். பவுடர் உருகி, வழவழவென்று படர்ந்தது.

“அண்ணே, கல்யாண மாப்பிள்ளை தோத்தான் போங்க,” என்றது பிராக்கெட்.

அந்த நிம்மதியில் மூடி மூச்சை விட்டது. சிவப்பெங்கும் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது.

“அப்பவே சொன்னேனே அண்ணே,” என்றது ஓவன்.

“ஆமாப்பா, நீ சொன்ன. பக்கத்துல அவன் பளபளன்னு இருந்தானே.”

கதவு திறந்தது. வண்டிக்காரர் கொப்புளங்களைப் பார்த்தார். பிறகு பிராக்கெட்டை மட்டும் வண்டியருகே கொண்டுபோய் வைத்தார்.