முதலில் தண்ணீர்

சனாத்து தன்னிடம் இருந்ததிலேயே நல்ல சுரைக்குடுக்கையை எடுத்துக் கழுவினாள். கழுவியதையே மறுபடியும் கழுவினாள். மகன் வந்திருக்கிறான் என்றால் சும்மாவா?

சூனியக்காரிகள் என்று ஊர்க்காரர்கள் துரத்திவிட்ட பெண்கள் ஒதுங்கி வாழும் குடிசைகள் அவை. வட கானாவில் அப்படிப்பட்ட இடத்துக்குத் தாயைத் தேடி மகன் வருவது அபூர்வம்.

"கொடுத்து வச்சவடி நீ," என்றாள் பக்கத்துக் குடிசை லாமிசி. "தமாலே டவுன்லேர்ந்து வண்டி ஓட்டிக்கிட்டு வந்திருக்கான். பக்கத்து சீட்டுல புதுத் தலையணை வேற."

சனாத்து முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். இத்ரிசுவைப் பெற்ற நாளிலிருந்து இருக்கிற வலி.

"இன்னொருத்தியக் கட்டப் போறானாம். தலையணை அந்த மகாராணிக்கு. அவளுக்கு என் ரூம் வேணும், சாவிக்கு வந்திருக்கான்."

அந்தச் சாவி அவள் முந்தி முடிச்சில் பத்திரமாக இருந்தது. வீடு போனாலும் அறை தன்னுடையது என்று ஒரு வீம்பு.

பேத்தி காய்ச்சலில் செத்த அன்று, "உங்கம்மாதான் தின்னுட்டா," என்று மருமகள் கத்தினாள். இத்ரிசு ஒரு வார்த்தை பேசாமல் தாயை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினான். அதன்பிறகு எட்டிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்த சனாத்துவுக்கு நெஞ்சு காய்ந்து, கடைசியில் வெறும் ஆத்திரம்தான் மிஞ்சியது.

விருந்தாளிக்குக் கொடுக்கிறபடி கம்பு மாவையும் இஞ்சியையும் தண்ணீரில் கரைத்தாள். பிறகு எலிக்கென்று வாங்கி வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்து, அதையும் கொட்டிக் கலக்கினாள்.

இத்ரிசு உள்ளே வந்து தரையில் குந்தினான். "அம்மா, நான் எதுக்கு வந்தேன்னா..."

"இரு. தண்ணி குடிக்காம வந்த விஷயத்தப் பேசுறது எந்த ஊரு வழக்கம்? அப்படியா உன்ன வளத்தேன்?"

அவன் தலை குனிந்துகொண்டான். இரண்டு கையாலும் குடுக்கையை வாங்கி மடமடவென்று குடித்தான். அடியில் தங்கிய மாவைக்கூட விரலால் வழித்து நக்கினான். சின்ன வயதிலும் அப்படித்தான் குடிப்பான். அது நினைவுக்கு வந்ததும் சனாத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கொஞ்சம் கசக்குதும்மா. ஆனா உன் கையால குடிச்சு எவ்வளவு நாளாச்சு."

சனாத்து முடிச்சை அவிழ்த்துச் சாவியை அவன் முன்னால் வீசினாள். "எடுத்துக்க. இப்பச் சொல்லு, எதுக்கு வந்தே?"

இத்ரிசு சாவியை எடுத்தான். அதை அவள் உள்ளங்கையிலேயே வைத்து விரல்களை மூடினான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

"தலையணை உன் முதுகுக்குத்தாம்மா. கெளம்பு, உன் ரூம நீயே வந்து தொற."