தந்தி வந்த வீடு

1943 ஜூன் மாதம். சாந்தோமில் ராஜநாயகம் வாத்தியார் வீட்டுக்குத் தந்தி வந்தது. அவர் மூத்த மகன் பட்டாளத்தில் இருந்தான். தந்தியைப் படித்ததும் வாத்தியார் மனைவி டோரதி கதறி அழுதாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமே ஆன தேவானை, பாத்திரம் தேய்த்தபடி அதைப் பார்த்தாள்.

பிறகு எல்லோரும் முழங்காலிட்டு ஜெபித்தார்கள். தலையில் பூச்சூடிக்கொண்டு கொல்லைக் கிணற்றடிக்கு வந்தார்கள். சிலுவை போட்டுக்கொண்டு வாத்தியார் குதித்தார். பின்னாலேயே டோரதி.

தேவானை கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டாள். வாசலில் ரிக்‌ஷாவோடு நின்ற புருஷன் பொன்னுரங்கத்திடம் ஓடினாள்.

"யோவ், ஓடியா! பையன் பூட்டான் போலகீது. குடும்பமே கிணத்துல வுயுது!"

"இன்னாம்மே சொல்றே?"

"கொயந்தையும் நிக்குதுய்யா!"

வாத்தியாரின் எட்டு வயது மகள் ஐவி கிணற்று விளிம்பில் கண்ணை மூடி நின்றிருந்தாள்.

"வேணாம் பாப்பா!" ஓடிவந்த பொன்னுரங்கம் கத்தினான்.

அவள் குதித்தாள். அவனும் குதித்தான்.

மூழ்கியவனின் முடியைப் பிடித்துத் தூக்கியவர் வாத்தியார்தான்.

"நீ எதுக்குய்யா குதிச்சே?"

"நீங்க எதுக்கு வாத்தியாரே குதிச்சீங்கோ?"

"இன்னிக்கு ஏசுவுக்கு ஆத்துல ஞானஸ்நானம் குடுத்த அருளப்பர் திருநாள். எங்க வீட்டுல வருஷா வருஷம் பூ வச்சுக்கிட்டு கிணத்துல குதிச்சுத்தான் கொண்டாடுவோம். பையன் லீவுல வரான்னு தந்தி வேற! அந்தச் சந்தோஷத்துலதான் இவ அழுதா."

பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த ஐவி அவனை வியப்பாகப் பார்த்தாள்.

"மாமா, நீச்சல் தெரியாமலா குதிச்சீங்க?"

பொன்னுரங்கம் தண்ணீரைத் துப்பினான்.

"நீ குதிச்சப்போ அது நெனப்பே வர்ல பாப்பா."